பொருள்: வெள்ளாம்பாறை மீன் ஏணி

அம்மிணி, ஒரு மனு அடிக்கணும். எழுதிக் கொண்டாரல, நான் சொல்லச் சொல்ல நீ அடிச்சுக்க. முப்பத்திமூணு வருச சர்வீசுல நான் சொல்லித்தான் அடுத்தவங்க எழுதினாங்க. அந்தப் பழக்கம். இப்ப நானே எழுத உக்காந்தா கோவத்துல கையெழுத்து கோணிக்குது.

பெறுநர், மாவட்ட ஆட்சியர். அனுப்புநர், கே. தெய்வசிகாமணி, உதவி செயற்பொறியாளர். பக்கத்துல 'ஓய்வு'ன்னு போடு. சின்ன எழுத்துல போடு. பொருள்: வெள்ளாம்பாறை அணையில் உள்ள மீன் ஏணியை இடிப்பதைத் தடுத்து நிறுத்தக் கோருதல். திங்கக்கெழம பொக்லைன் வருதாம். இன்னிக்கு வெள்ளி ஆச்சு. அதான் இந்த அவசரம்.

மீன் ஏணின்னா தெரியுமா உனக்கு? தெரியாதா. வெக்கப்படாத, எங்க டிபார்ட்மெண்டுலயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆத்துக்குக் குறுக்க அணை நின்னா கீழ இருக்கற மீனு மேல போக முடியாது. மேல போயி என்ன பண்ணப் போகுதுன்னா, முட்டையிடப் போகுது. கீழயே இட்டா ஆகாதான்னு நானும் கேட்டேன். ஆகாதாம். சரளைக்கல்லும் ஓட்டத் தண்ணியும் மேலதான் இருக்குதாம். தலைப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போற மாதர வெச்சுக்க. அதுக்காக அணையோரமா படிப்படியாத் தொட்டி கட்டி, மேல இருந்து தண்ணி உட்டு, ஒவ்வொரு தொட்டியா மீனு தாவி ஏறிப் போறதுக்கு வழி பண்ணிக் குடுக்கறது. அதுதான் மீன் ஏணி.

அந்த வரைபடம் என்னோடது. இதை அடி, தனி வரியில அடி. முப்பத்திமூணு வருசத்துல நான் பாத்த வேலை பூராவும் இன்னொருத்தர் போட்ட வரைபடம். வாய்க்கால் தூரெடுத்தேன், மதகுக்குப் பெயிண்ட் அடிச்சேன், மழையளவு எழுதினேன். நானாப் பென்சில் எடுத்துப் போட்டது இந்த ஒண்ணுதான். இருபத்தினாலு தொட்டி. ஒவ்வொண்ணும் ஒண்ணேகால் அடி உசரம். ஒரு தொட்டி கூட மட்டம் தப்பாது, ரசமட்டம் வெச்சுப் பாத்துக்க.

எதைப் பாத்துப் போட்டேன்னு கேக்கறயா? ஒரு வெளிநாட்டுப் புஸ்தகம். அதுல ஒரு போட்டோ. குளிர் நாட்டு மீனு, கை நீளம் இருக்கும், அருவிக்கு எதுத்தாப்புல எகிறுது பாரு, கரடி கூட வாயப் பொளந்துட்டு நிக்குது. அந்த மீனுக்கு ஒண்ணேகால் அடியெல்லாம் வாசப்படி. நம்ம ஊர் மீனும் மீனுதான்னு நெனச்சேன். அதுல என்ன தப்பு?

ஒம்பது வருசத்துக்கு முன்ன அந்தப் பழைய அணைக்கு மேல ஷட்டர் வெச்சு உசரத்தை ஏத்தினாங்க. அதுக்கு முன்ன வெள்ளக்காலத்துல மீனு அணையைத் தாண்டி மேல போயிக்கிட்டிருந்துச்சாம். ஷட்டர் வந்ததும் நின்னு போச்சு. மேல பரிசல்ல மீன் புடிக்கறவங்க இருபத்திரண்டு குடும்பம். வலைய வீசினா ஜிலேபிக் கெண்டையத் தவிர வேற பெருசா ஒண்ணும் மாட்டல. மனுக் குடுத்தாங்க. அதுக்குப் பதிலாத்தான் ஏணி கட்ட உத்தரவு வந்துச்சு, உத்தரவு எங்கிட்ட வந்துச்சு.

கட்டிக்கிட்டிருக்கறப்ப ஒரு பொம்பள வந்தா. பேரு பழனாத்தா. பரிசல்காரி. அம்பது வயசு இருக்கும், கை ரெண்டும் கட்டை மாதர. வந்து கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, ஏனுங் இஞ்சினீருங்க, மீனு எப்பவும் அக்கரையில பாறையோரமாத்தானுங்க வரும், நீங்க ஏணி வாயை இக்கரையில வெச்சிருக்கறீங்களேன்னா.

இக்கரையில வெச்சதுக்குக் காரணம் இருக்குதம்மா. இக்கரையிலதான் ஜீப் ரோடு. இக்கரையிலதான் விருந்தினர் மாளிகை. பெரிய ஆபீசருங்க பாக்க வந்தா அக்கரைக்கு நடந்தா போவாங்க? செடிமுள்ளு, பாம்பு, வழுக்குப் பாறை. மீனு பத்தடி இக்கட்ட நீந்தி வந்தாக் கொறஞ்சா போயிரும்? இதை அவகிட்டச் சொன்னேன். அவ, சரிங்க, மீனுகிட்டச் சொல்லிப் பாக்கறேன்னுட்டுப் போயிட்டா. அப்பவே தெரிஞ்சுது, வாய் ஜாஸ்தின்னு. இதை அடிக்காத.

தெறப்பு விழா ஜோரா நடந்துச்சு. ரிப்பன், மேளம், கல்வெட்டு. ஏணியில மீன் உடற மாதர ஒரு போட்டோ வேணும்னாங்க. ஆத்துல புடிக்க அன்னிக்கு ஒண்ணும் சிக்கல, சந்தையிலிருந்து நாலு ஜிலேபிக் கெண்டை வாங்கியாந்து உட்டோம். எல்லாரும் கை தட்டினாங்க. அந்த ஜிலேபிங்க நாலாவது தொட்டியில குடித்தனம் ஆயிருச்சு. இன்னிக்கும் அதுங்க குஞ்சுகுட்டியோட அங்கதான் இருக்குது. மேலயும் போகல, கீழயும் போகல.

இத்தோட உட்டிருந்தா ஒரு ஒரியாட்டமும் வம்பும் இல்ல. திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தவங்க ஒரு நிபந்தனை வெச்சாங்க. ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் ஒரு பருவம் பூரா, நாட்டு மீனு எத்தனை ஏணி வழியா ஏறுதுன்னு கண்காணிச்சு அறிக்கை தரணும்னு. நாட்டு மீனு மட்டுந்தான் கணக்கு. ஜிலேபி வந்தேறி, அது ஏறினாலும் ஏறாத மாதரதான்.

அதுக்கு யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. ஜெபசீலின்னு பேரு. மணப்பாட்டுப் பக்கம், கடலோரம். ஆராய்ச்சிப் படிப்பு. அணையடியில வலை போட்டு மீனப் புடிச்சு, சேல்கெண்டை, கருமுழிக் கெண்டை, இந்த மாதர நாட்டு மீனாப் பாத்து, நெல்லுமணி அளவுல ஒரு சிப்பை ஊசியில ஏத்தி வவுத்துக்குள்ள வெச்சுட்டு, அடையாளத்துக்குத் துடுப்போரம் துளியூண்டு வெட்டித் திரும்ப ஆத்துலயே உட்டுருச்சு. நூத்தி இருவது மீனு. ஏணியோட கீழ வாயில ஒரு வளையம், உச்சித் தொட்டி வாசல்ல ஒரு வளையம். சிப் வெச்ச மீனு வளையத்துக்குள்ள பூந்து போனா மிசினு 'பீப்'புங்கும், நம்பரு, நேரம் எல்லாம் எழுதிக்கும். சுங்கச்சாவடி மாதர.

ஆடி பூராவும் பீப் இல்ல. ஆவணியில கீழ வளையத்துல ரெண்டு பீப். அந்த ரெண்டு மீனும் உள்ள எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. மேல வளையத்துல ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு ஒவ்வொரு நாளும் நோட்டுல சைபர், சைபர்னு எழுதிக்கிட்டே வருது. பக்கம் பூரா முட்டை. நான் சொன்னேன், ஏம்மா, சைபர்னு எழுதினாப் பாக்கறதுக்கு ஒரு மாதர இருக்குது, 'நிலுவையில்'னு எழுதலாமேன்னு. ஆபீசுல அப்படித்தான எழுதுவோம்? நடக்காத வேலைக்குச் சைபர்னா போடுவோம்? அதுக்கு அந்தப் பொண்ணு, சார், மீன் வரல, அதனால சைபர்னுருச்சு. நிர்வாகம் தெரியாத பொண்ணு.

நான் சும்மா இருக்கல. தொட்டிக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடிச்சேன். தவிட்டு உருண்டை புடிச்சு ஒவ்வொரு படியிலயும் வெச்சேன், நாலாந் தொட்டி ஜிலேபிங்க தின்னு கொழுத்துச்சு. 'மீன்கள் செல்லும் வழி'ன்னு அம்புக்குறி போட்டு போர்டு வெச்சேன். அது பாக்க வர்றவங்களுக்காக வெச்சது அம்மிணி, மீனுக்கில்ல, நீ சிரிக்காத. அந்த ஜெபசீலியும் இப்படித்தான் சிரிச்சா.

சித்த தண்ணி குடுக்கறயா... ம்.

புரட்டாசியில சேதி வந்துச்சு. ஜெபசீலி வாரா வாரம் பரிசல் ஏறி மேல போயி, அங்க வலையில சிக்கற மீனையெல்லாம் கையில வெச்சிருக்கற கருவியில சோதிச்சுப் பாத்துட்டு உட்டுரும். அன்னிக்குப் பழனாத்தா வலையில ஒரு சேல்கெண்டை. கருவி பீப்புன்னுது. நாப்பத்தியாறாம் நம்பர். அணைக்குக் கீழ சிப் வெச்ச மீனு அணைக்கு மேல! அடுத்த வாரம் மூணு. அதுக்கடுத்த வாரம் ஏழு. மொத்தம் பதினொண்ணு.

எனக்குக் கால் தரையில நிக்கல. ஆபீசுல எல்லாருக்கும் மைசூர்பாகு. பத்திரிகைக்காரங்களக் கூப்புட்டேன், 'படியேறும் மீன்கள்'னு என் போட்டோவோட வந்துச்சு. மேல வட்ட ஆபீசுலயிருந்து பாராட்டுக் கடிதம் வந்துச்சு. ஊட்டுல கண்ணாடி போட்டு மாட்டினேன். என் பையன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணி, அப்பா, வாழ்த்துகள்னான். அவன் தீவாளி நோம்பிக்குக் கூப்புடறதோட சரி, வேற எதுக்கும் கூப்புட மாட்டான்.

ஜெபசீலி மட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துச்சு. சார், மேல வளையத்துல ஒரு பீப் கூட இல்ல, மிசினைச் சோதிச்சுட்டேன், அது நல்லா இருக்குது, இந்தப் பதினொண்ணும் ஏணி வழியாப் போகலைன்னுது. அப்பப் பறந்து போச்சான்னு கேட்டேன். நாளைக்கு விடியக்காலம் அக்கரைப் படிக்கட்டுக்கிட்ட வாங்க சார்னுருச்சு.

போனேன். அக்கரையில அணை மேல ஏர்றதுக்குப் பழைய படிக்கட்டு ஒண்ணு இருக்குது, நாப்பத்தியெட்டுப் படி. அப்பத்தான் வெளுக்குது. பழனாத்தாவும் இன்னும் ரெண்டு பொம்பளைங்களும் இடுப்புல குடத்தோட படியேறி வர்றாங்க. குடிதண்ணின்னு நெனச்சேன். பக்கத்துல வந்ததும் குடத்துக்குள்ள சளப்புன்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா ஒரு கருமுழிக் கெண்டை, வவுறு உப்பிக்கிட்டு, குடத்துக்குள்ள வளைஞ்சு நிக்குது.

என்னம்மா இதுன்னேன். எட்டு வருசமாத் தூக்கறமுங்கன்னா. ஷட்டர் வெச்ச வருசத்துலயிருந்து. முட்டையோட வந்து செவுத்துல முட்டிக்கிட்டுக் கெடக்குது, அதப் பாத்துட்டு எப்படிங்க போறதுன்னா. நாளைக்குப் பத்து, பாஞ்சு. மழைக்காலம் பூராவும். அதனாலதான் மேல இன்னும் நாட்டு மீனு விதைக்காவது மிஞ்சியிருக்குதுன்னா.

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியேங்க."

இப்ப நீயே சொல்லு அம்மிணி. அரசாங்க அணை. அரசாங்கப் படிக்கட்டு. ஆத்து மீனு அரசாங்கச் சொத்து. அனுமதியில்லாமக் குடத்துல எடுத்துக்கிட்டுப் போறது என்ன கணக்கு? அதை உடு. ஒரு பரீட்சை நடக்குது. பரீட்சை எழுதற புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி அடுத்த கிளாஸ்ல உக்கார வெச்சா, அது எப்பப் படிக்கும்? எட்டு வருசமாக் குடத்துல போயிப் பழகின மீனு, ஏணியில ஏறுமா? மீனைக் கெடுத்ததே இவங்கதான். இதைக் கொட்டை எழுத்துல அடி.

அன்னிக்கே படிக்கட்டு அடியில இருக்கற இரும்புக் கேட்டைப் பூட்டினேன். 'அத்துமீறி நுழைபவர் தண்டிக்கப்படுவர்'னு போர்டு. மீனு சுயமா ஏறட்டும்னு.

அந்தப் பதினொண்ணை என்ன பண்ணினேன்னா கேக்கற? அறிக்கையில இருந்து எடுக்கல. ஜெபசீலி கேட்டுச்சு, சார், அது ஏணியில ஏறின மீன் இல்லைன்னு. நான் திருப்பிக் கேட்டேன், அந்தப் பதினொண்ணும் அணையைத் தாண்டுச்சா இல்லையா? தாண்டுச்சு சார். அணையில ஏணி இருக்குதா இல்லையா? இருக்குது சார். அப்பறம் என்ன?  அந்தப் பொண்ணு நோட்டை எடுத்துக்கிட்டு மிசின் பக்கம் போயிருச்சு.

ஐப்பசி மழை வலுத்துருச்சு. கீழ இருந்து மீனு திரண்டு வந்துருச்சு. வந்தது பூராவும் அக்கரையில பாறையோரம். இக்கரையில என் ஏணி தண்ணியா ஊத்திக்கிட்டு நிக்குது, சீண்ட நாதியில்ல. அங்க செவுத்தடியில முட்டறதும் உழுகறதுமாக் கெடக்குது. கொக்கு, பருந்து, காக்கா எல்லாம் வந்துருச்சு. மனுசனும் வந்துட்டான், தடியோட. அடிச்சு அடிச்சு சாக்குல அள்ளினாங்க. நான் வாட்ச்மேனப் போட்டேன், அவன் சாயங்காலம் ஊட்டுக்குப் போறப்ப அவன் கையிலயும் ஒரு பை.

பழனாத்தா கேட்டுக்கு வெளிய மூணு நாள் உக்காந்திருந்தா. கத்தல, கூட்டம் சேக்கல. குடத்தை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நாலாம் நாள் ஆபீசுக்கு வந்தா. நான் ஏணியோட வரைபடத்தை மேசையில விரிச்சு வெச்சு, அறிக்கையோட இணைக்கறதுக்குக் கலர் பென்சில்ல தீட்டிக்கிட்டிருந்தேன். அவ முந்தானையில சுத்தி வெச்சிருந்த ஒரு மீனை எடுத்து அந்தப் படத்து மேல வெச்சா. கருமுழிக் கெண்டை. மூக்கு பூராவும் நைஞ்சு போயி, ரத்தம் கட்டி. செத்துப் போயித்தான் இருந்துச்சு. வவுத்துலயிருந்து கடுகு மாதர முட்டை வழிஞ்சு மூணாவது தொட்டி மேல ஊத்துச்சு.

"இதுக்கு வழி தெரியலியாமுங்க," அப்படின்னா. "படத்துல காட்டி உடுங்க."

அவ்வளவுதான். போயிட்டா.

அந்த வரைபடம் பாழாப் போச்சு அம்மிணி. ஒரிஜினல் டிரேசிங் பேப்பரு. தொடச்சுப் பாத்தேன், வெயில்ல காய வெச்சேன், எலுமிச்சம்பழம் போட்டேன், வாடை போகல. அறிக்கையில நகல்தான் இணைச்சோம். ஒரு பொறியாளரோட வரைபடத்துக்கு மரியாதை தெரியாத சனம். இதை அடி... வேண்டாம், அடிக்காத. அடிச்சா மீனப் பத்தியும் அடிக்க வேண்டி வரும்.

அடுத்த நாள் காலையில நான் தனியா அக்கரைக்குப் போனேன். சும்மா மேற்பார்வைக்கு. சாவி எங்கிட்ட இருக்குது, கேட்டைத் தெறந்து கீழ எறங்கினேன். அங்க நின்னு பாத்தாத்தான் தெரியுது. தண்ணிக்குள்ள மீனு அடுக்கி வெச்ச மாதர நிக்குது, எல்லாம் செவுத்தப் பாத்துக்கிட்டு. ஒண்ணு எகிறி செவுத்துல மோதும், சத்துன்னு ஒரு சத்தம், உழும், திரும்ப வரிசையில வந்து நிக்கும். நான் அணை மேல முப்பத்திமூணு வருசம் நடந்திருக்கறேன். அந்த எடத்துல எறங்கி நின்னதில்ல. ஜீப்புல இருந்து பாத்தா அந்த எடம் தெரியாது.

துடுப்போரம் வெட்டு அடையாளத்தோட ஒண்ணு ஒதுங்கிக் கெடந்துச்சு. சிப் வெச்ச மீனு. எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. ஜீப் கழுவற பக்கெட்டை எடுத்தாந்து அதை மோந்து எடுத்தேன். நாப்பத்தியெட்டுப் படி. என் முட்டிக்கு அது ஆகாது, டாக்டர் சொல்லியிருக்காரு. மேல போனதும் பக்கத்துலயே தண்ணி, அங்கயே உட்டிருக்கலாம். நான் உடல. அணை மேல பூராவும் நடந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, பக்கெட்டு தளும்பித் தளும்பிப் பேண்ட் பூராவும் நனைஞ்சு போச்சு. இக்கரைக்கு வந்து, என் ஏணியோட உச்சித் தொட்டியில, இருபத்தினாலாம் தொட்டியில, பக்கெட்டைச் சாய்ச்சேன்.

அது கொஞ்ச நேரம் அடியில கெடந்துச்சு. செத்துப் போச்சோன்னு பயந்துட்டேன். அப்பறம் செவுளு அசைஞ்சுது. ஒரு சுத்து சுத்துச்சு. வாசலப் பாத்துச்சு. வளையத்துக்குள்ள பூந்து, ஆத்துக்குள்ள போச்சு.

பீப்.

எண்பத்திமூணாம் நம்பர். காலையில ஆறு மணி பன்னெண்டு நிமிசம். மேல வளையத்தோட மொதப் பீப். அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்கு நான் ஆடியிலிருந்து காத்திருந்தேன்.

அப்பறம் திரும்பிப் போனேன். ஏன் போனேன்னு கேக்காத. மீதி மீனுல அடையாளம் இருக்கறது ஒண்ணும் கண்ணுல படல. சிப் இல்லாத மீனத் தூக்கி எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, மிசினு கத்தாது. ஆனாலும் ஒண்ணை மோந்தேன். அதை இக்கரைக்குக் கொண்டு போகல, படி உச்சியிலயே உட்டேன். இன்னொண்ணு. இன்னொண்ணு. ஆறு மீனு. முட்டி வலிச்சு உக்காந்தப்பத்தான் பாக்கறேன், மேல தண்ணியில பழனாத்தா பரிசல் நிக்குது. எவ்வளவு நேரமா நின்னாளோ. சிரிக்கல, கை காட்டல.  துடுப்புப் போட்டுத் திரும்பிப் போயிட்டா.

அன்னிக்குக் கேட்டைப் பூட்ட மறந்துட்டேன். மறதிதான், வயசாச்சுல்ல. அடுத்த நாளும் மறந்துட்டேன். கார்த்திகை முடியற வரைக்கும் மறந்துட்டேன். இதெல்லாம் அடிக்காத. பூட்டு இருந்துச்சுன்னு மட்டும் அடி, பூட்டு இருந்துச்சுதான், கேட்டுல தொங்கிக்கிட்டு.

ஜெபசீலி அன்னிக்கு மத்தியானம் மிசினைப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்துச்சு. சார், எண்பத்திமூணு மேல வளையத்துல வந்திருக்குதுன்னுது. பாத்தயான்னேன். கீழ வளையத்துல வரவே இல்லையே சார், கீழ நுழையாம மேல எப்படி வந்துச்சுன்னுது. குதிச்சிருக்கும்னேன். இருபத்தினாலு தொட்டியுமா சார்? என் பேண்டைப் பாத்துச்சு. முட்டி வரைக்கும் சேறு. நோட்டை எடுத்து என்னமோ எழுதிக்கிச்சு. பழனாத்தா போட்டுக் குடுத்துட்டாளான்னு கேட்டேன். "யாரும் ஒண்ணும் சொல்லல சார்," அப்படின்னுட்டு, கூட ஒரு வார்த்தை சொல்லுச்சு. "காலைத் தொடச்சுக்குங்க சார், சளி புடிச்சுக்கும்."

வைகாசியில நான் ரிட்டயர்டு. என் அறிக்கையை ஒதுக்கி வெச்சுட்டு ஜெபசீலி அறிக்கையை எடுத்துக்கிட்டாங்க. புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க என் எடத்துக்கு, சின்ன வயசு. அவங்க மொத வேலையாக் கேட்டையே பேத்துட்டாங்க. பழனாத்தா ஆளுங்களுக்கு அனுமதிச் சீட்டு, மூடி போட்ட பெரிய டப்பா, தூக்கறதுக்குத் தடி. இந்த ஆடி, ஆவணியில மட்டும் நானூத்திச் சொச்சம் மீனு தூக்கியிருக்காங்களாம். மேல வலையில சேல்கெண்டை நல்லா உழுகுதாம். உழுந்துட்டுப் போகுது. அடுத்த வருசம் தூக்கறதும் வேண்டாமாம். அக்கரையில, பாறையோரமா, பழனாத்தா சொன்ன அதே எடத்துல, கல்லுப் பரப்பி ஓடை மாதர சரிவா வழி போடறாங்க. அதுக்குக் கல்லு வேணும்னு என் ஏணிய இடிச்சு எடுத்துக்கறாங்க. என் இருபத்தினாலு தொட்டி அவங்களுக்கு ஜல்லி. நாலாந் தொட்டி ஜிலேபிங்க எங்க போகும்னு ஒருத்தராவது ரோசிச்சாங்களா?

சரி, கோரிக்கைக்கு வருவோம். ஒண்ணு, இடிக்கக் கூடாது. ரெண்டாவது கோரிக்கைதான் எனக்கு முக்கியம், நிதானமா அடி. அந்தப் பொண்ணு அறிக்கையில கடைசிப் பக்கத்துல ஒரு அட்டவணை போட்டிருக்குது. 'சிப் பொருத்தப்பட்ட மீன்களில் அணையைக் கடந்தவை. ஏணி வழியாக: 0. மனிதர்கள் தூக்கிச் சென்றவை: 12.'

பன்னெண்டு! குடத்துல போனது பதினொண்ணுதான். பன்னெண்டாவது என்னோடது. என்னைக் கொண்டு போயி அந்தக் குடக்காரிங்க வரிசையில சேத்துட்டா. அறிக்கை எத்தனை பேரு கைக்குப் போயிருக்கும். ஏணி வழியாக ஒன்று, தூக்கிச் சென்றவை பதினொன்று, அப்படித் திருத்தி வெளியிட ஆவன செய்யணும். அடிச்சாச்சா?

என்ன? நீங்கதான சார் பக்கெட்டுல தூக்கிட்டுப் போனீங்கன்னா கேக்கற?

உச்சித் தொட்டி வரைக்கும்தான் அம்மிணி நான் தூக்கினேன். அங்கிருந்து வளையத்தைத் தாண்டி ஆத்துக்குள்ள அது தானாத்தான் நீந்திப் போச்சு, நான் தொடக்கூட இல்ல. பதினெட்டு அங்குலம். அந்தப் பதினெட்டு அங்குலமும் என்னோட ஏணிதான். அதை அடி.